மாமாவைத் தூக்கணும்

மார்ச் பதினோராம் தேதி, புதன்கிழமை, காலை பத்தே கால் மணி. பல் மருத்துவமனைக்கும் அதன் பின்னால் இருந்த வீட்டுக்கும் நடுவே நின்ற செருப்பு அலமாரியின் மேல்தட்டில், கைக்கடக்கமான ஒரு கறுப்புப் பெட்டி பச்சை விளக்கு எரிய ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியில் எந்தக் கோளாறும் இல்லை.

வாலு மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து அதைப் பார்த்தாள்.

"பாஸ், ஊரெல்லாம் போன் நம்பரை கிளவுடுல, அதான் மேகத்துல வெக்குது. இவங்க செருப்புக்கு மேல வெச்சிருக்காங்க."

"தூரத்துல இருக்கற மேகத்தைவிட பக்கத்துல இருக்கற செருப்பு மேல்," என்றார் புரூஃப்.

புரூஃப் என்பது அவருடைய பெயர் அல்ல. பத்திரிகை ஆபீசில் பல வருஷம் புரூஃப் பார்த்துப் பிழை திருத்தியவர். அச்சில் வரும் பிழையைவிட ஆளுக்குள் இருக்கும் பிழை சுவாரசியம் என்று ஒருநாள் தோன்றிவிட, எதிர்த் தெருவில் பலகை மாட்டித் துப்பறிய உட்கார்ந்துவிட்டார். வாலு அவருடைய உதவியாள். நாற்பதை எட்டிக்கொண்டிருந்தவள், செல்போன் ரிப்பேர் கடையில் கை பழகியவள். வாய் மட்டும் பிறவியிலேயே பழகி வந்தது.

"உள்ள வாங்க சார். ஒருத்தர் வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்கார்," என்று கூப்பிட்டார் பல் டாக்டர். நெற்றியில் விளக்கு, கையில் உறை, கண்ணில் கண்ணீர். நாற்காலியில் பஞ்சு அடைத்த வாயோடு ஒரு மனிதர் மல்லாந்திருந்தார். எழுந்து போகவும் முடியாமல், காதை மூடவும் முடியாமல், அந்தக் குடும்ப ரகசியத்தில் அவருக்கும் பங்கு கிடைத்துவிட்டது.

புரூஃப் வாசலிலேயே நின்றுகொண்டார். அவருக்கு ஒரு கடைவாய்ப் பல் ஆடிக்கொண்டிருந்தது. அதை இந்த டாக்டரிடமிருந்து மறைப்பதே ஆறு மாதமாக அவருடைய தனிப்பட்ட வழக்கு.

"அப்பாவைக் காணோம் சார்," என்றார் டாக்டர். "இன்னிக்கு ஒரு மணிக்கு அவருக்குக் கண் ஆபரேஷன். இடது கண்ணு. வலது கண்ணு போன வருஷமே போயிடுச்சு. இது ஒண்ணுதான் மிச்சம். பதினோரு மணிக்குள்ள போய்ப் படுக்கலைன்னா அடுத்தவங்களுக்கு இடத்தைக் குடுத்துடுவாங்க. பெரிய டாக்டர் நாளைக்கு வெளிநாடு போறார். அவர் திரும்பி வர்றதுக்குள்ள இருக்கற பார்வையும் போயிடும்."

"போலீஸ்?"

"பெரியவர்தானே, பசிச்சா வந்துடுவார்ங்கறாங்க."

"அப்பா என்ன தொழில் பண்ணினார்?"

"கடிகார ரிப்பேர். பாலத்துக்கு அந்தப் பக்கம் தனியா இருக்கார். எங்க வீட்டுக்காரர் ஒலிப்பதிவு எஞ்சினியர். விடியறப்பவே பிளேன் ஏறிட்டார், மூணு மணிக்குத்தான் இறங்குவார். 'உங்கப்பாவுக்கு கார் ஏற்பாடு பண்ணிட்டேன், நீ நிம்மதியா பல்லைப் புடுங்கு'ன்னு சொல்லிட்டுத்தான் போனார். ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணினா இன்னும் வரலைங்கறாங்க. அப்பா போனை எடுக்கல. எனக்கு சந்தேகமா இருக்கறது இதுதான்."

டாக்டர் செல்போனை நீட்டினார். காலண்டரில் அன்றைய தேதி. ஒன்பது மணிக்கு நேராக ஒரே வரி: மாமாவைத் தூக்கணும்.

"கடத்தல்!" என்றாள் வாலு.

"ஆங்!" என்றது நாற்காலி.

"மாமான்னா எங்க மாமனார். கப்பல்ல சமையல்காரரா இருந்து ரிட்டையர் ஆனவர். அவரை யாரும்மா கடத்துவாங்க? அவர் சத்தத்துக்குக் கடத்தினவனே கையில காசு வெச்சுக் கொண்டாந்து விட்டுடுவான். அவருக்கும் எங்கப்பாவுக்கும் ஆகாது. போன மாசம் கேரம் ஆடறப்ப சிவப்புக் காய் காணாமப் போச்சு. அன்னியிலேர்ந்து ரெண்டு சம்பந்தியும் மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. இதுல அவர் கை இருக்கும்னு எனக்குத் தோணுது."

"இருக்காது," என்றார் புரூஃப். "'மாமாவை'ன்னு இருக்கு. இரண்டாம் வேற்றுமை. மாமா தூக்கறவர் இல்ல, தூக்கப்படறவர்."

"பாஸ், உயிர் போற நேரத்துல உருபா?"

"பல பேரு உயிர் போனதே உருபு தெரியாமத்தான். டாக்டர், இதை எழுதினது யாரு?"

"அதுதான் தெரியல. அந்தப் பெட்டியைப் பாத்தீங்கல்ல? நம்ம வீட்டு நம்பரும் தேதியும் எவனோ ஒரு பெரிய கம்பெனிகிட்ட எதுக்கு இருக்கணும்னு எங்க வீட்டுக்காரர் தானே செஞ்சு வெச்சார். ஒருத்தர் போன்ல ஒண்ணு எழுதினா எல்லார் போன்லயும் வந்துடும். ஆனா எல்லாருக்கும் ஒரே லாகின். யார் எழுதினாலும் 'வீடு'ன்னுதான் காட்டும்."

"ஒழுங்கா வேலை செய்யுதா?"

"முதல்ல ஒவ்வொரு பேரும் ரெண்டு ரெண்டா வந்துச்சு. போன வாரம் உக்காந்து எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டார். இப்ப கண்ணாடி மாதிரி இருக்கு."

"அப்பாவுக்கு இன்னொரு தடவை அடிங்க. ஸ்பீக்கர்ல."

டாக்டர் 'அப்பா' என்ற பெயரை அழுத்தினார். மணியோசைக்குப் பதிலாகச் சுவர்க் கடிகாரம் ஒன்று டங், டங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பார் இல்லை.

"தொழில் பக்தி," என்றாள் வாலு.

"இப்ப மாமனாருக்கு."

"அவர் எடுக்க மாட்டார் சார். காது மந்தம். அதோட இந்நேரம் நீச்சல் வகுப்புல இருப்பார். மூட்டு வலிக்கு நல்லதுன்னு நான்தான் சேத்துவிட்டேன், இன்னிக்குத்தான் முதல் வகுப்பு."

"பரவாயில்ல, அடிங்க."

டாக்டர் 'மாமா' என்ற பெயரை அழுத்தினார். டங், டங், டங் என்றது போன்.

வாலு புருவத்தைத் தூக்கினாள். "மூஞ்சி குடுத்துப் பேசமாட்டாங்க, ஆனா காலர் டியூன் மட்டும் ஒண்ணா? என்ன மாதிரி பகைங்க இது?"

டாக்டர் போனைத் திருப்பிப் பார்த்தார். மாமனாருக்கு அவர் போன் செய்வதே இல்லை. கேட்காத காதில் கத்துவானேன் என்று எழுத்தில்தான் எல்லாம். புரூஃப் எதுவும் சொல்லாமல் படியிறங்கினார். அவர் எதுவும் சொல்லவில்லை என்றால் பிழை எந்த வரியில் என்று தெரிந்துவிட்டது, என்ன பிழை என்று இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம். வாலு ஸ்கூட்டரை எடுத்தாள்.

*

கடிகாரக்காரர் வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுத் தையல்காரர் வாயில் ஊசியோடு தகவல் சொன்னார்.

"எட்டரைக்கே கிளம்பிட்டாரே. தோள்ல டவல் போட்டுக்கிட்டு, சுவரைத் தடவிக்கிட்டே போனார். தூக்குமேடைக்குப் போறவன் மூஞ்சி மாதிரி இருந்துச்சு. எங்கன்னு கேட்டேன். 'மாப்பிள்ளை சொல்லிட்டார், தட்ட முடியுமா'ன்னார்."

"மாப்பிள்ளை வந்தாரா?"

"ஆள் வரல. போன்ல சேதி வந்துச்சாம். அவருக்குத்தான் எழுத்து தெரியறதில்லையே, போனே படிச்சுச் சொல்லும். காதுல வெச்சுக் கேட்டுட்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்னார். அப்புறம் பூட்டிட்டுப் போயிட்டார்."

"கார் ஏதாவது வந்துச்சா?"

"இந்தச் சந்துல கார் வந்தா நான் முதல்ல தையல் மெஷினை உள்ள இழுக்கணும். இன்னிக்கு இழுக்கல."

வாலு விரலை மடக்கினாள். "பாஸ், கார் வரல. மாப்பிள்ளை ஆகாயத்துல இருக்கார். ஆனா மாப்பிள்ளைகிட்டேர்ந்து சேதி வருது, டவல் எடுத்துக்கிட்டு வான்னு. கண் ஆபரேஷனுக்கு எதுக்கு டவல்? அழறதுக்கா?"

அவள் போன் அடித்தது. டாக்டர். குரலில் பாதி அழுகை, பாதி சிரிப்பு.

"கிடைச்சுட்டார் சார்! ஆஸ்பத்திரியிலேர்ந்து நர்ஸ் கூப்பிட்டாங்க. இப்பத்தான் கார்ல வந்து இறங்கினாராம். படுக்க வெச்சு கண்ணுல மருந்து விட்டாச்சாம். உங்களுக்கு வீண் அலைச்சல்."

வாலு தையல்காரருக்குக் கும்பிடு போட்டு ஸ்கூட்டரைத் திருப்பினாள். "கேஸ் முடிஞ்சுது. ஒரு மணி நேரத்துல முடிச்ச முதல் கேஸ் இதுதான். நாம ஒண்ணும் பண்ணாததால வேகமா முடிஞ்சிருக்கு."

புரூஃப் ஏறவில்லை. போனை வாங்கினார். "டாக்டர், நர்ஸ் வேற ஏதாவது சொன்னாங்களா?"

"வந்ததும் வராததுமா கேண்டீன்ல சண்டையாம் சார். சூப்புல உப்பு இல்ல, பாத்திரம் சரியா கழுவலன்னு சமையல்காரரையே ஒரு பிடி பிடிச்சாராம். பாவம், பயத்துல ஏதோ..."

"உங்கப்பா சாப்பாட்டுல குறை சொல்வாரா?"

"எங்கம்மா ஒரு தடவை சர்க்கரைக்குப் பதிலா உப்பு போட்டுக் காப்பி குடுத்தாங்க. குடிச்சுட்டு, 'புதுசா இருக்கே'ன்னார்."

"நீங்க அப்படியே இருங்க. வர்றோம்."

ஸ்கூட்டர் பாலம் ஏறும்போதுதான் வாலுவுக்கு உறைத்தது. டவலோடு நடந்து போனவர் காரில் வந்து இறங்க முடியாது. உப்புக் காப்பியைக் குடித்தவர் சூப்புக்குச் சண்டை போட முடியாது.

"பாஸ், ஆஸ்பத்திரியில படுத்திருக்கறது..."

"ரோட்டைப் பாரு," என்றார் புரூஃப்.

*

பல் மருத்துவமனையில் வாயில் பஞ்சு அடைத்த மனிதர் இன்னும் நாற்காலியில் இருந்தார். மரத்துப்போன வாயோடு அவர் இவர்களை ஆவலாக வரவேற்றார்.

"டாக்டர்," என்றார் புரூஃப், வாசலிலிருந்தே. "இந்த வீட்டுல அந்தப் பெட்டியோட பேசாத போன் ஏதாவது இருக்கா? போன வாரத்துக்கு முன்னாடியே பேச்சை நிறுத்தினது?"

"எதுக்கு சார்?"

"ஒரு வதந்தி பரவிட்டா ஊர்ல எல்லாரும் ஒரே பொய்யைத்தான் சொல்லுவாங்க. அது காதுல விழாத ஆளைத்தான் சாட்சிக்குக் கூப்பிடணும்."

டாக்டர் யோசித்து, கருவிகள் வைக்கும் அலமாரியிலிருந்து கண்ணாடி விரிந்த ஒரு பழைய போனை எடுத்தார். பல் அச்சு எடுக்கும்போது நேரம் பார்க்க வைத்திருந்தது. நடுவில் போன் வந்து கெடுக்கக் கூடாது என்று மாதக்கணக்காக விமானப் பயன்முறையில் போட்டு வைத்திருந்தார்கள்.

"இருங்க, நெட் போட்டுத் தர்றேன்..."

"தொடாதீங்க!" வாலு பாய்ந்து பிடுங்கினாள். நாற்காலியில் இருந்தவர் பஞ்சைக் கடித்துவிட்டார். "நெட் போட்டா அடுத்த நொடியே பெட்டிகிட்ட பேசி, அதுவும் சுத்தமாயிடும். சாட்சியைக் கொண்டுபோய்க் குற்றவாளி வீட்டுலயே தங்க வெப்பாங்களா?"

அவள் பெயர்ப் பட்டியலைத் திறந்து மேலே தள்ளினாள். அப்பா. அப்பா. இன்னும் கீழே: மாமா. மாமா.

"நாலு கார்டு இருக்கு," என்றாள். "ரெண்டு அப்பா, ரெண்டு மாமா."

"ஆள் எத்தனை?" என்று கேட்டார் புரூஃப். பதிலையும் அவரே சொன்னார். "ஆள் ரெண்டே பேர்தான். உங்க வீட்டுக்காரர் தன் அப்பாவை 'அப்பா'ன்னு போட்டார், உங்க அப்பாவை 'மாமா'ன்னு போட்டார். நீங்க உங்க அப்பாவை 'அப்பா'ன்னு போட்டீங்க, அவர் அப்பாவை 'மாமா'ன்னு போட்டீங்க. ரெண்டு புத்தகத்தையும் ஒரே பெட்டியில கொட்டினதும் பேரெல்லாம் ரெண்டு ரெண்டா தெரிஞ்சிருக்கு. அவர் 'ஒரே பேர் இருந்தா ஒண்ணாக்கு'ன்னு அமுக்கிட்டார். பெட்டி கணக்குல தப்பே பண்ணல. நாலு கார்டை ரெண்டாக்கினது சரி. ஆனா தப்பான ரெண்டா ஆக்கிடுச்சு."

"உறவுமுறை தெரியாத பெட்டி," என்றாள் வாலு. "இதை ஒரு கல்யாண வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே அத்தைன்னு சொல்லி அண்ணன் தங்கச்சி ஆக்கிடும்."

"இப்ப உங்க போன்ல இருக்கற மாமாவைத் திறங்க. முதல் நம்பர் யாரோடது? முதல் முகவரி யாரோடது?"

டாக்டர் திறந்து பார்த்தார். நம்பர் அப்பாவுடையது; அந்த டங், டங்கும் அவருடையதுதான். முகவரி மாமனாருடையது. தலை ஒருவருடையது, உடம்பு இன்னொருவருடையது என்று ஒரு மாமா அங்கே உட்கார்ந்திருந்தார்.

"'மாமாவைத் தூக்கணும்'னு எழுதினது உங்க வீட்டுக்காரர். தூக்கணும்னா கார்ல ஏத்தணும். மாமான்னா உங்க அப்பா. கார்க்காரருக்கு அந்தக் கார்டை அனுப்பிட்டு பிளேன் ஏறிட்டார். கார்க்காரர் முகவரியைப் பாத்தார், போனார், அந்த வீட்டுல இருந்த மாமாவைத் தூக்கிட்டார்."

"நான் அதைப் படிச்சப்ப ஏன் எனக்குத் தோணல?" டாக்டர் விளக்கை நெற்றியிலிருந்து கழற்றினார்.

"நம்ம வாயில வர்ற முறையைத்தான் நம்ம கண்ணு படிக்கும். பிழை திருத்தறவனே தான் எழுதினதைத் திருத்த முடியாது. சரி, உங்க மாமனாருக்கு நீச்சல் வகுப்புன்னு யார் ஞாபகப்படுத்தறது?"

"பெட்டிதான் சார். காலண்டர்ல போட்டு 'மாமா'வைச் சேத்துவிட்டேன். காலையில தானா சேதி போயிடும். 'மாமா, ஒன்பது மணிக்கு நீச்சல் குளத்துக்கு வந்துடுங்க, டவல் மறக்க வேண்டாம், இப்படிக்கு வீடு'ன்னு..."

"எந்த நம்பருக்குப் போகும்?"

டாக்டர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார். உட்கார்ந்த இடம் நாற்காலியில் இருந்தவரின் கால்.

"ஒரு கண்ணுல பார்வை கிடையாது, இன்னொண்ணு மங்கல்... ஐயோ, அப்பாவுக்கு நீந்தத் தெரியாது சார்!"

*

நீச்சல் குளத்தில் முதியோருக்கான முதல் வகுப்பு முடிந்து இரண்டாவது நடந்துகொண்டிருந்தது. ஆழம் இல்லாத ஓரத்தில், இடுப்பளவுத் தண்ணீரில், மஞ்சள் ரப்பர் தொப்பி போட்ட ஒரு மெலிந்த பெரியவர் முதல் வகுப்பிலிருந்தே இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் பெண் கைதட்டி எண்ணினாள். பெரியவர் உதைப்பது ஒரே சீராக இருந்தது, கடிகாரப் பெண்டுலம்போல.

வாலு குளத்தின் விளிம்பில் குத்துக்காலிட்டாள். "ஐயா, உங்க பொண்ணு அனுப்பினாங்க. வெளிய வாங்க. ஆபரேஷனுக்கு நேரமாச்சு."

"'மாமா'ன்னு கூப்பிட்டு மாப்பிள்ளை இங்க வரச் சொன்னார்ம்மா. அவர் பேச்சைத் தட்ட முடியுமா?" உதை நிற்கவில்லை.

புரூஃப் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஆபரேஷன் அன்னிக்கு நீச்சலுக்குப் போங்கன்னு எந்த மாப்பிள்ளை சொல்வார்? அந்தச் சேதி உங்களுக்கு இல்லைன்னு உங்களுக்குக் கேட்டவுடனே தெரிஞ்சுபோச்சு. அதனாலதான் ஒரு நிமிஷம் அப்படியே நின்னீங்க."

உதை நின்றது. பெரியவர் கம்பியை விடாமல் தலையைக் குனிந்தார்.

"எனக்குத் தண்ணின்னாலும் பயம்தான் தம்பி," என்றார். "ஆனா கத்தியா தண்ணியான்னு வந்தா, தண்ணியில அடி தெரியுது. நாப்பது வருஷம் சின்னச் சின்னக் கருவியை வெச்சு அடுத்தவன் பொருளைக் குடைஞ்சிருக்கேன். கை ஒரு மயிரிழை நடுங்கினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். வேற யாருக்கும் அது தெரியாது."

புரூஃப் நாக்கால் கடைவாய்ப் பல்லை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அப்போது வாலுவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். டாக்டர், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலிருந்து மூச்சு வாங்கப் பேசினார். முதலில் ஆபரேஷன் ஆக வேண்டியவருக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டதாம். அதனால் ஒரு மணி வரை காத்திருக்காமல் அப்பாவை இப்போதே உள்ளே கொண்டுபோகப் போகிறார்களாம்.

"ஆள் மாறிப்போச்சுன்னு சொல்லிட வேண்டியதுதானே?" என்றாள் வாலு.

"சொன்னா இடத்தை அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவாங்க. சொல்லலைன்னா எங்க மாமா கண்ணை அறுத்துடுவாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

பெரியவர் நிமிர்ந்தார். "யார் கண்ணை?"

"உங்க சம்பந்தி கண்ணைத்தான்," என்றாள் வாலு. "உங்க பேர்ல, உங்க படுக்கையில, உங்க மருந்தைக் கண்ணுல விட்டுக்கிட்டுப் படுத்திருக்கார். இன்னும் கொஞ்ச நேரத்துல உங்க ஆபரேஷனை அவர் பண்ணிக்கப் போறார்."

"அந்த ஆளா?" கடிகாரக்காரரின் குரல் குளம் முழுக்கக் கேட்டது. "என் சிவப்புக் காயைத்தான் எடுத்தார்னு பாத்தா, ஆபரேஷனையுமா? ஏம்மா, அந்த டவலை எடு!"

கையைப் பிடிக்கப் பயிற்சியாளர் ஓடிவருவதற்குள் அவர் படியேறிவிட்டார்.

ஸ்கூட்டரில் மூன்று பேர் போனார்கள். முன்னால் வாலு, நடுவில் மஞ்சள் தொப்பி, பின்னால் பாதி சீட்டில் புரூஃப். தொப்பியைக் கழற்ற யாருக்கும் ஞாபகம் இல்லை. ஒரு திருப்பத்தில் போக்குவரத்துப் போலீஸ்காரர் கையைத் தூக்கினார். மூவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இதை எந்தப் பிரிவில் எழுதுவது என்று தெரியாமல் கையை இறக்கிக்கொண்டார்.

*

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கூட்டம் கூடியிருந்தது. பச்சை அங்கி போட்ட ஒரு பருத்த பெரியவர் கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு ஆண் உதவியாளர்கள் அவரை உள்ளே தள்ளப் பார்த்தார்கள். டாக்டர் மருமகள் ஒரு ஓரத்தில் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"கத்தியை முதல்ல காட்டுங்க!" என்று கத்திக்கொண்டிருந்தார் கப்பல்காரர். "எங்க சாணை பிடிச்சது? யார் பிடிச்சது? முப்பது வருஷம் கத்தி பிடிச்சவன் நான். மொக்கைக் கத்தியால தக்காளியைக்கூட வெட்ட விடமாட்டேன்!"

"ஐயா, இது கத்தியே இல்ல, லேசர்..."

"என்னது, லேசாவா? லேசா வெட்டறதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?"

நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "இருபது நிமிஷமா இப்படித்தான். முதல்ல கத்தியைக் கேட்டார், அப்புறம் எல்லாரையும் கை கழுவச் சொன்னார், அப்புறம் எல்லார் நகத்தையும் பாத்தார்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தொப்பியில் தண்ணீர் சொட்ட, கடிகாரக்காரர் முன்னால் போனார். மங்கலான கண்ணுக்கு ஆள் தெரியாவிட்டாலும் குரல் இருக்கும் திசை தெரிந்தது.

"சம்பந்தி! இது என் ஆபரேஷன்!"

கப்பல்காரர் மருந்து விட்ட கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கதவு நிலையிலிருந்து கை இறங்கியது. பெரிய மூச்சு ஒன்று வந்தது.

"வாங்க சம்பந்தி. இவ்வளவு நேரமா? இன்னும் அஞ்சு நிமிஷம் போயிருந்தா என்னைப் பிரிச்சு மேய்ஞ்சிருப்பாங்க."

வாலு புரூஃபைப் பார்த்தாள். அவர் முகத்திலும் முதல்முறையாக ஆச்சரியம் இருந்தது.

"உங்களுக்குத் தெரிஞ்சேதான் வந்தீங்களா மாமா?" என்றார் டாக்டர்.

"காது மந்தம்னா புத்தியும் மந்தமா? கார்க்காரன் வந்து மாமாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரச் சொன்னாங்கன்னான். எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு, வீட்டுல கண்ணு கெட்ட மாமா இவர்தான். உடனே இவருக்கு போன் போட்டேன். என் போன்ல 'சம்பந்தி'ன்னு இவர் ஒருத்தர்தான். மணி அடிக்குது, எடுக்கல. இந்த மனுஷன் ஓடிப்போயிட்டார்னு புரிஞ்சுபோச்சு. போன மாசம் விரல்ல முள்ளு குத்தினதுக்கே ஊசி வேணாம்னு மூணு தெரு ஓடினவராச்சே. பதினோரு மணிக்கு ஆள் இல்லைன்னா இடம் போயிடும்னு நீதானேம்மா அன்னிக்குச் சொன்னே? கிளம்பற பஸ்ல சீட்டுக்குத் துண்டு போடற மாதிரி நான் வந்து என்னைப் போட்டேன்."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே!"

"பண்ணினேன். 'டாக்டர்'னு அமுக்கினேன். ரெண்டு தடவையும் நாய் டாக்டர் எடுக்கறார். மூணாவது தடவை, நாயைத் தூக்கிட்டே வந்துடுங்கன்னுட்டார்."

நர்ஸ் இரண்டு பெரியவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதுல யாருக்குங்க ஆபரேஷன்?"

பதில் சொல்ல வேண்டியவர் கடிகாரக்காரர். அவருடைய கை டவலின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது. கப்பல்காரர் அதைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். அவரால் அவ்வளவு இறக்க முடியும் என்று அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது.

"சம்பந்தி, நான் உள்ள இருக்கற சாமான் எல்லாத்தையும் பாத்துட்டேன். எல்லாம் பளிச்சுனு இருக்கு. அந்தப் பெரிய டாக்டரைக் கையை நீட்டச் சொல்லிப் பாத்தேன். துளி நடுக்கம் இல்ல. உங்க கையைவிட நல்ல கை."

கடிகாரக்காரர் தொப்பியைக் கழற்றி மகளிடம் கொடுத்தார். "எனக்குத்தான்மா," என்றார் நர்ஸிடம்.

பச்சை அங்கி கைமாறியது. மெலிந்த சம்பந்திக்கு அது இரண்டு சுற்று வந்தது.

பிற்பகல் ஒன்றே கால் மணிக்குக் கடிகாரக்காரரின் இடது கண்ணில் அறுவை நடந்தது. மூன்று மணிக்கு மாப்பிள்ளையின் விமானம் தரையிறங்கியது. மறுநாள் காலை கண்கட்டை அவிழ்த்தார்கள். எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரம் நான்கு நிமிடம் தாமதமாக ஓடுகிறது என்று கடிகாரக்காரர் சொன்னார். நர்ஸ் சரிபார்த்தாள். தாமதமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.